தெப்பக்குளக் கரையில் காலையில் நடப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மதுரையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், நடை முடிந்து படிக்கட்டில் உட்காரும்போது உங்களில் பலர் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டுகிறீர்கள். முன்பெல்லாம் சர்க்கரை, கொழுப்பு, உப்பு என்றுதான் கேள்வி வரும். இப்போது எழுபது எண்பது சோதனைகளை ஒரே விலையில் சேர்த்துக் கட்டித் தரும் 'முழு உடல் பரிசோதனை' வந்துவிட்டது. அதன் கடைசிப் பக்கங்களில் ஹோமோசிஸ்டீன் என்று ஒரு வரி. எதிரே 22, 28, 41 என்று தடித்த எழுத்தில் ஓர் எண். பக்கத்தில் 'இதய நோய் அபாயக் காரணி' என்று ஒரு குறிப்பு. அன்றிலிருந்து தூக்கம் போய்விடுகிறது. உங்களில் சிலர் மருத்துவரைப் பார்க்காமலேயே மருந்துக் கடையில் ஃபோலிக் ஆசிட் வாங்கிப் போட ஆரம்பித்திருக்கிறீர்கள். இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அந்த எண் ஏறியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வைட்டமின் பி12 குறைபாட்டை. இதயத்தைப் பற்றிய பயம் அதற்குப் பிறகு. பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் ஆசிட்டை மட்டும் விழுங்குவது ஆபத்து.

ஹோமோசிஸ்டீன் வெளியிலிருந்து வரும் விஷம் இல்லை. பருப்பு, பால், முட்டை, கறி என்று புரதமுள்ள எதைச் சாப்பிட்டாலும் அதில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கும். உடம்பு அதைப் பல வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது. பயன்படுத்திய பிறகு மிஞ்சுவது ஹோமோசிஸ்டீன். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்த தட்டுகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தட்டுகள் கழுவி மறுபடி பந்திக்கு வர வேண்டும், மீதி கழித்துக் கட்டப்பட வேண்டும். கழுவி மீண்டும் மெத்தியோனின் ஆக்குவதற்கு ஃபோலேட் (மாத்திரையாக வந்தால் ஃபோலிக் ஆசிட்), பி12 இரண்டும் வேண்டும். கழித்து வேறொரு பொருளாக மாற்றுவதற்கு பி6 வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தட்டுகள் குவிகின்றன. ரிப்போர்ட்டில் நீங்கள் பார்ப்பது அந்தக் குவியலின் உயரத்தை.

லிட்டருக்கு 15 மைக்ரோமோல் வரை இயல்பு என்பது பொதுவான கணக்கு. 15 முதல் 30 வரை லேசான உயர்வு, 30 முதல் 100 வரை நடுத்தரம், நூறைத் தாண்டினால் தீவிரம். படிக்கட்டில் நான் பார்க்கும் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை முதல் வகை, சில இரண்டாம் வகை. நூறைத் தாண்டுவது வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்ணை நம்புவதற்கு முன்னால் அந்த ரத்தம் எப்படிப் பயணம் செய்தது என்று கேளுங்கள். இது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரத்தத்தைக் குழாயில் எடுத்த பிறகும் அதிலுள்ள சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை தொடர்ந்து ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் பத்து சதவீதம் வரை அளவு ஏறிவிடும். அதனால்தான் எடுத்த உடனே குழாயை ஐஸில் வைக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றி அணுக்களையும் பிளாஸ்மாவையும் பிரித்துவிட வேண்டும் என்பது விதி. இப்போது நம் ஊர் நடப்பை நினைத்துப் பாருங்கள். காலை ஆறரைக்கு அனுப்பானடியில் ஒரு வீட்டில் ரத்தம் எடுக்கிறார் ஒரு தம்பி. அடுத்து வில்லாபுரம், அதற்கடுத்து அவனியாபுரம், பிறகு திருநகர். பைக்கின் பின்னால் தொங்கும் பையில் பத்துப் பன்னிரண்டு பேரின் குழாய்கள். பையில் வைத்த ஜெல் பாக்கெட் எட்டு மணிக்கே உருகிவிட்டது. அக்னி நட்சத்திரக் காலத்தில் மதுரை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கூடத்துக்கு வந்து சேரும்போது மணி பத்தரை. உடம்பில் 14 ஆக இருந்தது காகிதத்தில் 20 ஆக வர இதுவே போதும்.

அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி ஓடுகிற பிள்ளை அவர். ஆனால் நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். ஹோமோசிஸ்டீன் பார்ப்பதென்றால் வீட்டுக்கு வரச் சொல்லாமல், வெறும் வயிற்றோடு நேராகக் கூடத்துக்கே போங்கள். அங்கேயே உடனே சுழற்றிப் பிரிப்பார்களா, வேறு ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் பிரித்த பிறகு குளிரில் வைத்து அனுப்புவார்களா என்று கேளுங்கள். நல்ல கூடத்தில் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். லேசான உயர்வு வந்த ஒருவருக்கு இப்படி முறையாக மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் முதல் சிகிச்சை என்பேன்.

இனி இதய பயத்துக்கு வருவோம். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டனில் கில்மர் மெக்கல்லி என்ற நோயியல் மருத்துவர், ஹோமோசிஸ்டீன் பிறவியிலேயே மிதமிஞ்சிச் சேரும் நோயுள்ள ஒரு சிறுமியைப் பற்றிக் கேள்விப்பட்டார். அந்தச் சிறுமியின் மாமா ஒருவர் 1933ல், எட்டு வயதிலேயே பக்கவாதம் வந்து இறந்திருந்தார். மருத்துவமனையில் பத்திரப்படுத்தியிருந்த அந்தப் பையனின் திசுக்களை மெக்கல்லி மறுபடி எடுத்துப் பார்த்தார். எட்டு வயதுப் பிள்ளையின் ரத்தக் குழாய்கள் வயதான ஒருவருடையதைப் போலத் தடித்துப் போயிருந்தன. அடுத்து, வேறொரு வளர்சிதைக் கோளாறால் இறந்த இரண்டு மாதக் குழந்தைக்கும் அதே மாதிரி. இரண்டு நோய்களுக்கும் பொதுவாக இருந்தது ஹோமோசிஸ்டீன் ஏற்றம் ஒன்றே. ரத்தக் குழாயைக் கெடுப்பது அதுதான் என்று 1969ல் எழுதினார். கொழுப்பே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். அவருக்கு ஆதரவு கிடைக்கவில்லை, எழுபதுகளின் கடைசியில் ஹார்வர்டில் இருந்த இடத்தையும் இழந்தார். தொண்ணூறுகளில் உலகம் அவரை மறுபடி திரும்பிப் பார்த்தது.

அப்படியானால் வைட்டமின் கொடுத்து அளவை இறக்கினால் மாரடைப்பு குறைய வேண்டும் அல்லவா? பெரிய பெரிய ஆய்வுகள் நடந்தன. நார்வேயில் மாரடைப்பு வந்த 3,749 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 2006ல் முடிவு வந்தது. அளவு இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. அதே ஆண்டு வெளியான 'ஹோப்-2' ஆய்வில் 5,522 பேர். அங்கும் மாரடைப்பில் பலன் இல்லை, பக்கவாதம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. பக்கவாதம் பற்றிய நம்பிக்கையை வலுவாக்கியது 2015ல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு. ரத்த அழுத்தம் உள்ள 20,702 பேர். அழுத்த மாத்திரையோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட்டும் பெற்றவர்களுக்கு முதல் பக்கவாதம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்தது. உணவில் ஃபோலிக் ஆசிட் சேர்க்கும் சட்டம் இல்லாத நாடு அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2001ல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்திய ஆண்களிடம் ஹோமோசிஸ்டீன் அளவுக்கும் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆகவே அண்ணாச்சி, 24 என்று வந்துவிட்டதே என்று ஆஞ்சியோகிராம் எடுக்க ஓடாதீர்கள். உங்கள் இதயத்தை அதிகம் பாதிப்பவை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, பீடி சிகரெட். ஹோமோசிஸ்டீனைக் கவனித்துக்கொண்டு இவற்றை விட்டுவிட்டால் ஒரு பயனும் இல்லை.

பிறகு எதற்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அந்த எண் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதற்காக.

2001ல் புனேயின் டாக்டர் யாஜ்னிக் குழுவும் நார்வே ஆய்வாளர்களும் சேர்ந்து 204 இந்தியர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். 77 சதவீதம் பேருக்கு ஹோமோசிஸ்டீன் 15க்கு மேல். காரணம் தேடினால் ஃபோலேட் குறைபாடு அதிகம் இல்லை, பி12 குறைபாடுதான் பரவலாக இருந்தது. ஐந்து வருடம் கழித்து நடுத்தர வயது ஆண்கள் 441 பேரைப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவு. அதில் நகரத்து நடுத்தர வர்க்கத்தினர் மிக மோசம், 81 சதவீதம். மேற்கு நாட்டுக்காரர்களுக்கு எழுதப்பட்ட வைத்தியத்தை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

'அதெல்லாம் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு, நம்ம மதுரையில் யாருக்கு வரும்?' என்று ஒரு மாமா என்னிடம் கேட்டார். கறி தோசையும் குடல் குழம்பும் அயிரை மீனும் மணக்கிற ஊர், கேள்வி நியாயமானதுதான். ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கணக்கு வேறு. பெரும்பாலான வீடுகளில் கறி என்பது ஞாயிற்றுக்கிழமை. அமாவாசை, கார்த்திகை, வெள்ளி செவ்வாய் என்று விரத நாட்கள், சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஒரு நீட்டு, மாலை போட்டால் ஒரு மண்டலம். கறி எடுத்த நாளிலும் அம்மா தட்டுக்கு வருவது குழம்பும் இரண்டு எலும்பும். இன்னொன்று, நம் குடலுக்கு ஒரு வேளையில் உறிஞ்ச முடிந்த பி12 ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான். அதற்கு மேல் சாப்பிட்டால் மிகச் சிறு பங்கே உள்ளே போகும். அதனால் ஞாயிறு அன்று அரைக் கிலோ சாப்பிட்டு ஆறு நாள் சும்மா இருப்பதைவிட, தினம் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கணக்கில் முந்திவிடும். ஐம்பதைத் தாண்டியதும் பலருக்கு வயிற்று அமிலச் சுரப்பும் குறைகிறது. உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும்.

இங்கே மாத்திரைகள் வருகின்றன. உங்களில் பாதிப் பேர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறீர்கள். நல்ல மருந்து, விலை குறைவு, நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வருடக் கணக்கில், அதிக அளவில் போட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். இது அடிக்கடி வரக்கூடிய பக்க விளைவு என்றும், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்க வேண்டும் என்றும் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022ல் அறிவித்தது. அதோடு காலையில் எழுந்ததும் ஒரு கேஸ் மாத்திரை, பான்டோபிரசோலோ ஓமிபிரசோலோ. யாரோ எப்போதோ பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது, பத்து வருடமாக ஓடுகிறது. அது அமிலத்தை அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பி12க்கு இரண்டு பக்கமும் வாசல் மூடிப் போகிறது.

இப்போது உங்கள் பாதத்தைக் கவனியுங்கள். ராத்திரி படுத்தால் பாதம் எரிகிறது, காலையில் செருப்பு கழன்றது தெரியவில்லை, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது. உடனே 'சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் ஒரு பங்கு பி12 குறைபாட்டாலும் இருக்கலாம். சர்க்கரையால் கெட்ட நரம்பைத் திருப்புவது கடினம். பி12 குறைந்து கெட்டதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெருமளவு திருப்பலாம். கைவிரல் முட்டிகளைப் பாருங்கள். மற்ற இடத்தைவிட முட்டிகள் மட்டும் கறுத்திருக்கிறதா? நாக்கு வழவழவென்று சிவந்து, காரம் பட்டால் எரிகிறதா? பெயர்கள் மறந்து போகிறதா? கறுத்த முட்டிக்கு எலுமிச்சம் பழம் தேய்க்கும் அக்காவை எனக்குத் தெரியும். தேய்க்க வேண்டாம் அக்கா, பி12 பாருங்கள்.

ஃபோலிக் ஆசிட்டை மட்டும் வாங்கிப் போடுவதில் உள்ள ஆபத்து இதுதான். பி12 இல்லாதபோது உடம்பில் இருக்கும் ஃபோலேட் ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் ரத்த சோகை சரியாகிவிடும், ஹோமோசிஸ்டீனும் கொஞ்சம் இறங்கலாம், ரிப்போர்ட் அழகாகத் தெரியும். நரம்பும் தண்டுவடமும் மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். காலில் வலுவிழந்து கைத்தாங்கலாக வரும்போதுதான் தெரியவரும்.

ஃபோலேட்டின் கதையும் பி12 கதையும் நம் மாநிலத்தோடு பின்னியவை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928ல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகள் கொடிய ரத்த சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள், காரணம் தெரியவில்லை. அவர் குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்தில் விலங்குகளை வைத்து ஆராய்ந்தார். 1931ன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தத் தாய்மார் தேறுகிறார்கள் என்று அதே ஆண்டு உலகத்துக்குச் சொன்னார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் பத்து வருடம் கழித்து கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் ஆசிட் என்று பெயர் பெற்றது. 1962ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 'லான்செட்' இதழில் வேறொன்றை எழுதினார்கள். தாய்ப்பாலில் வளர்ந்த கைக்குழந்தைகள், பிறந்து சில மாதம் நன்றாக இருந்து, பிறகு சிரிப்பு மறந்து, தலை நிற்காமல், தோல் கறுத்து, கை நடுங்கி வந்தார்கள். தாயின் உடம்பில் பி12 இல்லை, பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் மீண்டார்கள். அறுபது வருடத்துக்கும் முன்னால் வேலூரில் கண்டது இது. இன்றும் அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையில் இரும்புச் சத்தும் ஃபோலிக் ஆசிட்டும் இருக்கின்றன, பி12 இல்லை. உங்கள் மகளோ மருமகளோ உண்டாகியிருந்தால், அதிலும் சைவம் மட்டும் சாப்பிடும் வீடாக இருந்தால், அந்த மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள், பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, பி12 குறைவு என்று தெரிந்துவிட்டது, என்ன செய்வது? நரம்புக் கோளாறு இருந்தால் மருத்துவர் ஊசியில்தான் தொடங்குவார், ஆயிரம் மைக்ரோகிராம் வீதம், முதலில் அடிக்கடி, பிறகு மாதத்துக்கு ஒன்று. மற்றவர்களுக்கு அதே அளவு மாத்திரை தினம் ஒன்று போதும். உறிஞ்சும் சக்தி கெட்டவர்களுக்குக்கூட அதில் நூற்றில் ஒரு பங்கு தானாக உள்ளே போய்விடும், அதுவே தேவையைவிட அதிகம். ஃபோலேட்டும் குறைவாக இருந்தால் பி12 தொடங்கிய பிறகு அதைச் சேர்ப்பார்கள். தெருமுனைக் கடையில் 'நரம்பு ஊசி' போட்டுக்கொள்வதும், பி6 மிகுந்த சத்து மாத்திரைகளை வருடக் கணக்கில் விழுங்குவதும் வேண்டாம். பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கிட்னியில் பாதிப்பு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் ஏறுவது இயல்பு. கனடாவில் சர்க்கரையால் கிட்னி பாதித்த 238 பேருக்கு மூன்று வைட்டமின்களையும் அதிக அளவில் கொடுத்தபோது கிட்னி இன்னும் வேகமாகக் கெட்டது, மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. 2010ல் வந்த முடிவு அது. கிரியேட்டினின் ஏறியவர்கள் யாரும் என் பேச்சையோ பக்கத்து வீட்டுக்காரர் பேச்சையோ கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது. தைராய்டு குறைந்திருந்தாலும் எண் ஏறும். வலிப்புக்கு ஃபெனிடாயின், மூட்டுக்கு மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர்களுக்கும் ஏறும். பீடியும் சாராயமும் அளவுக்கு மீறிய காப்பியும் ஏற்றும்.

சாப்பாட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நமக்குத் தேவை ஒரு நாளைக்கு இரண்டு மைக்ரோகிராம் சொச்சம். புனேயிலேயே 2010ல் வந்த ஆய்வில், வெறும் 2 மைக்ரோகிராம் பி12ஐத் தினமும் கொடுத்தபோதே ஹோமோசிஸ்டீன் இறங்கியிருக்கிறது. சாப்பாட்டில் கிடைக்கக்கூடிய அளவு அது. கொழுப்புக்குப் பயந்து மஞ்சள் கருவை எடுத்துப் போடுகிறீர்களே, முட்டையின் பி12 பெரும்பகுதி அந்த மஞ்சள் கருவில்தான். மருத்துவர் தடுக்காவிட்டால் முழு முட்டையாகச் சாப்பிடுங்கள். ஆட்டு ஈரல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு துண்டு போதும், கர்ப்பிணிகள் அதிகம் சாப்பிடக் கூடாது. அயிரையோ நெத்திலியோ, தலையோடு முள்ளோடு சாப்பிடுகிற சிறு மீன் நல்லது. சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி. பாலை மணிக் கணக்கில் சுண்டக் காய்ச்சாதீர்கள், பி12 குறையும். பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வரும் செய்தியை நம்பி இருந்துவிட வேண்டாம். பழைய சோறு நல்ல சாப்பாடு, ஆனால் பி12 கணக்கை அதன் தலையில் ஏற்ற முடியாது. சுருள்பாசி மாத்திரையிலும் பெரும்பகுதி உடம்புக்கு உதவாத போலி வகை.

ஃபோலேட்டுக்கு நமக்குக் கவலை இல்லை. 1999 நவம்பர் 14ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை நம் அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விடியலில் போனால் அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கத்துக் கீரைக் கட்டுகள் பனி ஈரத்தோடு இருக்கும். அரைக்கீரை, தண்டங்கீரை, முருங்கை எதுவானாலும் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள். ஃபோலேட் தண்ணீரில் இறங்கிவிடும், சூட்டிலும் அழியும். கொஞ்ச நேரம் வேகவைத்து, தண்ணீரோடு கடைந்து சாப்பிடுங்கள். தட்டாம்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலையிலும் நிறைய இருக்கிறது.

ரேஷன் அரிசி பற்றியும் ஒரு வார்த்தை. அதில் சற்று வேறு நிறத்தில் கலந்திருக்கும் மணிகளை 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிற வீடுகளைத் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் பார்க்கிறேன். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 மூன்றும் சேர்த்து மறுபடி அரிசி மணியாக வார்த்தது அது. நிர்ணயிக்கப்பட்ட அளவு கிலோவுக்குச் சுமார் ஒரு மைக்ரோகிராம் பி12. அதிகம் இல்லை, ஆனால் கறியும் முட்டையும் எட்டாத வீட்டில் அதுவும் ஒரு பங்கு. பொறுக்கி எறியாதீர்கள், களைந்த தண்ணீரோடு மிதந்து போகவும் விடாதீர்கள். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ள பிள்ளைகள் மட்டும், இரும்பு சேர்ந்திருப்பதால், மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

மரபணுச் சோதனை ஒன்றைச் சில இடங்களில் இப்போது சேர்த்து விற்கிறார்கள், எம்டிஎச்எஃப்ஆர் என்று. பல ஆயிரம் ரூபாய். முடிவு எப்படி வந்தாலும் உங்களுக்குச் செய்யப்போகும் சிகிச்சை மாறாது. அந்தப் பணத்தில் பி12, கிரியேட்டினின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடலாம்.

நூறைத் தாண்டுவது வேறு கதை என்றேனே, அது பெரும்பாலும் பிள்ளைகளின் கதை. மெக்கல்லி கேள்விப்பட்ட சிறுமிக்கு இருந்த அதே பிறவி நோய், ஹோமோசிஸ்டினூரியா. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைக் கொடுத்தால்தான் வரும். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுகிற வழக்கம் உள்ள நம் பகுதியில் அப்படி இரண்டும் ஒன்று சேரும் வாய்ப்பு கூடுதல். பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. பள்ளிக்குப் போகும் வயதில் கிட்டப்பார்வை வேகமாக ஏறும், கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டும் நிற்காது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இடம் விட்டுக் கீழே நழுவியிருக்கும். பிள்ளை ஒல்லியாக நெடுநெடுவென்று வளரும், படிப்பில் பின்தங்கலாம், சிறு வயதிலேயே ரத்தம் உறையலாம். கண் மருத்துவரின் விளக்கொளியில்தான் பல பிள்ளைகளுக்கு இது முதலில் பிடிபடுகிறது. 1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்ணைக் காட்ட இடம் தேடி அலைய வேண்டிய ஊர் இல்லை. பேரப்பிள்ளைக்கு லென்ஸ் நழுவியிருக்கிறது என்று சொன்னால், அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஹோமோசிஸ்டீன் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இந்த நோய் தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து வரலாம். கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு அதிக அளவு பி6 மாத்திரையே நன்றாக வேலை செய்யும். மற்றவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் வேறு மருந்தும் இருக்கின்றன. பெரியவர்களிலும் நாற்பது வயதுக்குள் கண்ணின் பின்பக்க ரத்தக் குழாய் அடைத்துப் பார்வை போனவர்களுக்கு இதைப் பார்ப்பது நல்லது. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2007ல் அப்படிப்பட்ட நோயாளிகளிடம் ஹோமோசிஸ்டீன் உயர்ந்திருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

பி12 தொடங்கியவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை ஹோமோசிஸ்டீன் பாருங்கள். முதல் தடவை எடுத்த அதே கூடத்தில், அதே மாதிரி வெறும் வயிற்றில். இறங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்கிறது, அதற்கு மேல் மாதாமாதம் பார்த்துக் காசைக் கரியாக்க வேண்டியதில்லை. இறங்கவே இல்லை என்றால் வேறு காரணம் இருக்கிறது, அதை மருத்துவர் தேட வேண்டும். மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சர்க்கரை, பிரஷர், கேஸ் என்று நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மெட்ஃபார்மின் எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்பதை அந்தப் பையின் மேலேயே எழுதிவிடுங்கள். படிக்கட்டில் என்னிடம் காட்டுவதாக இருந்தாலும் அந்தப் பை வேண்டும்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் பழைய லேப்காரன்
மதுரை